ஊர் மூழ்கியது, காகிதம் தப்பியது

(தெல்தெனியவில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பின் வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாரே, அந்தப் போனை உள்ளே வைக்க வேண்டாம். இன்றைய பேச்சே அதைப் பற்றியதுதான்.

நாம் கூடியிருக்கும் இந்தத் தெல்தெனிய இரண்டாவது தெல்தெனிய. முதலாவது விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்ட அதன் அணைக்கட்டு 1985 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. பழைய கடைத்தெருவும் வீடுகளும் வயல்களும் மகாவலித் தண்ணீருக்குள் போயின. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய சுவர்கள் தலைகாட்டும். அதைப் பார்க்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள்.

அந்த ஊரின் வரலாற்றை எழுத ஒருவர் முன்வந்தால் அவரை நான் கரைக்கு அனுப்பமாட்டேன். நில அளவைப் படங்கள், காணி சுவீகரிப்புக் கோவைகள், உறுதிகள், வாக்காளர் இடாப்பு, பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகம், வீட்டு அலுமாரியில் கிடக்கும் கல்யாண அல்பம் இவற்றைத்தான் தேடச் சொல்வேன். யாருடைய கடை எங்கே இருந்தது, யாருக்கு எத்தனை பேர்ச் நிலம் இருந்தது, எந்தக் குடும்பம் எங்கே குடியேறியது என்பதையெல்லாம் அவற்றை வைத்து இன்றும் கட்டி எழுப்பலாம். இவற்றில் பெரும்பகுதியை யாரும் திட்டம் போட்டுப் பாதுகாக்கவில்லை. தூக்கி எறிய மறந்தார்கள், அதனால் அவை இருக்கின்றன. காகிதத்தின் பெரிய குணம் இது. கவனிக்காமல் விட்டாலும் ஐம்பது வருஷம் கிடக்கும். கறையான், மழை, தீ என்ற மூன்றுக்கும் தப்பினால் போதும்.

இதன் அருமையை மலையகத் தமிழருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த நாள் முதல் இந்த மலைகளில் ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் நாட்டையே முடிவு செய்திருக்கிறது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தது. அந்தக் கணக்கில் தாம் எந்தப் பக்கம் என்பதை அறிய எத்தனை பேர் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் படியேறி இறங்கினார்கள்! லயத்து வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில் துணிக்குள் சுற்றி வைத்த பிறப்புச் சான்றுகளுக்கு நகையைவிட மதிப்பு இருந்தது. 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம் மீதிப் பிரச்சினையைத் தீர்க்க முயன்றது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்றது. அதாவது 39 வருஷத்துக்கு முந்திய ஒரு திகதியைச் சட்டம் கேட்டது. இந்த 39 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

இப்போது 2018க்கு வருவோம். அந்த மார்ச் மாதத்தைப் பற்றிப் பேசும்போது இந்த மண்டபத்தில் சிலருக்கு மனம் கனக்கும் என்பது தெரியும். யார் செய்தார், ஏன் செய்தார் என்பதை நான் பேச வரவில்லை. ஆவணம் என்ற ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறேன். பெப்ரவரி 22 அன்று தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அதைத் தொடர்ந்து திகனயிலும் தெல்தெனியவிலும் சுற்றூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் இறந்தார். மார்ச் 6 அவசரகாலநிலை பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் முடக்கப்பட்டன. பேஸ்புக் மீண்டும் வந்தது மார்ச் 15இல். வெறுப்பைப் பரப்பத் தன் தளம் பயன்பட்டதற்காக அந்தக் கம்பனி மன்னிப்புக் கேட்க 2020 மே மாதம் ஆனது.

அந்த நாட்களில் என்ன நடந்தது என்பதற்கான சான்றுகள் எங்கே உருவாயின? பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகத்தில் கொஞ்சம், வைத்தியசாலைப் பதிவில் கொஞ்சம். பெரும்பகுதி போன்களில்தான் உருவானது. ஆட்களைக் கூட வரச்சொன்ன வீடியோ, “இந்தப் பக்கம் வராதீர்கள்” என்று தம்பி அண்ணனுக்கு அனுப்பிய குரல் பதிவு, எரிகின்ற கடையை எதிர்மாடியிலிருந்து எடுத்த படம், அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் தன் வீட்டில் இடம் கொடுத்ததைச் சொல்லும் குறுஞ்செய்தி, பொய்யான வதந்தி, அதை மறுத்த செய்தி. இவற்றுக்குக் காகித மூலம் கிடையாது. பிறந்ததே டிஜிட்டலாகத்தான். இவற்றில் பல அதே வேகத்தில் மறைந்தும் போயின. போட்டவர் பயந்து அழித்தார், விதிமீறல் என்று தளம் நீக்கியது, போன் உடைந்தது, புதுப் போன் வாங்கியபோது பழையதைக் கடையில் கொடுத்துத் துடைத்தார்கள்.

எண்பதுகளில் ஊர் நீருக்குள் போனது, ஆவணம் மேலே நின்றது. 2018இல் ஊர் நிற்கிறது, ஆவணம் மூழ்கிக்கொண்டிருக்கிறது.

வெறுப்புப் பதிவுகள் மறைந்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்குவது வேறு, இல்லாமலே செய்துவிடுவது வேறு. தளங்கள் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருப்பதுதான் சிக்கல். 2017இல் யூடியூப் தீவிரவாதக் காட்சிகளைத் தானியங்கி முறையில் நீக்கத் தொடங்கியபோது சிரியப் போரின் குற்றங்களைக் காட்டிய ஏராளமான வீடியோக்களும் சேர்ந்து போயின. பெர்லினிலிருந்து இயங்கும் சிரிய ஆவணகம் 2014 முதலே அவற்றைப் பிரதியெடுத்து வந்ததால் ஒரு பங்கு பிழைத்தது. அதே 2017இல் லிபியத் தளபதி ஒருவருக்கு எதிராகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. அதற்கு முக்கிய ஆதாரமாக நின்றவை சமூக ஊடகத்தில் வந்த வீடியோக்கள். இப்படிப்பட்ட சான்றுகளை எப்படிச் சேகரிப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்று 2020இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் பேர்க்லி பல்கலைக்கழகத்து மனித உரிமை மையமும் சேர்ந்து ஒரு வழிகாட்டியே வெளியிட்டன. நம் நாட்டிலும் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் ஒலி, ஒளிப் பதிவுகளையும் கணினிச் சான்றுகளையும் நீதிமன்றத்துக்குள் அனுமதிக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே கொண்டுபோக நம் கையில் என்ன மிச்சம் என்பதே கேள்வி.

வட்ஸ்அப்பில் வந்த வீடியோவை வைத்திருக்கிறோமே, அது போதாதா என்பார்கள். போதாது. வட்ஸ்அப் வழியாக ஒரு படத்தைச் சாதாரணமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், எந்தக் கருவி, எந்த இடம் என்று படத்துக்குள் பொதிந்திருந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. பத்துப் பேர் கை மாறி வந்த படத்தில் காட்சி இருக்கும், பிறந்த கதை இராது. அதே படத்தை ‘டொக்கியுமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஸ்கிரீன்ஷொட் இன்னும் கீழே. அது ஆவணத்தைப் பார்த்ததற்குச் சாட்சி, ஆவணம் அல்ல. ஸ்கிரீன்ஷொட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறொன்றும் இல்லாதபோது அதுவும் வேண்டும். முழு விலாசமும் திகதியும் தெரியும்படி எடுங்கள்.

பயிற்சி பெற்ற ஆவணக்காப்பாளர் முதலில் பார்ப்பது உள்ளடக்கத்தை அல்ல. இது எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்தது, வழியில் மாறியதா என்பதைப் பார்ப்பார். ஒருவர் தன் பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து கொடுத்தால் அதை உடனே இயக்கமாட்டார். இயக்கினாலே உள்ளே பல கோப்புகளின் திகதிகள் மாறிவிடும். வாசிக்க மட்டும் விட்டு எழுதுவதைத் தடுக்கும் ஒரு சிறு கருவியை இடையில் மாட்டி, வட்டு முழுவதையும் ஒரே பிரதியாக எடுப்பார். அந்தப் பிரதியைத் தனியாக வைத்து வைரஸ் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு கோப்பும் எந்த வகை, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் உண்டானது என்று அடையாளம் காண்பார். இதற்காகவே பிரித்தானியத் தேசிய ஆவணகம் ‘ப்ரோனம்’ என்ற பொதுப் பதிவேட்டையும் ‘ட்ரொய்ட்’ என்ற இலவச மென்பொருளையும் வைத்திருக்கிறது.

அடுத்த வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது. கோப்பை ஒரு கணிதச் சூத்திரத்துக்குள் விட்டால் 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு சரம் வெளியே வரும். ஷா–256 என்பது அந்தச் சூத்திரத்தின் பெயர். அந்தக் கோப்பில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் சரம் முழுதாக வேறாகிவிடும். பொருள் கைக்கு வந்த அன்றே இந்தச் சரத்தைக் குறித்துவைத்தால் இருபது வருஷம் கழித்து அதே சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் இடையில் யாரும் கைவைக்கவில்லை. மனிதரின் வார்த்தையை நம்பவேண்டியதில்லை, எந்த இனத்தவர் சொன்னார் என்று பார்க்கவேண்டியதும் இல்லை. சந்தேகம் நிறைந்த எங்கள் ஊர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இதற்கான மென்பொருளுக்குக் காசும் இல்லை, சாதாரணக் கணினியிலேயே ஓடும்.

சூழலையும் எழுதி வைக்கவேண்டும். ஒரு சின்ன உதாரணம். 2018 மார்ச் முடக்கத்தின்போது பலர் விபிஎன் போட்டு பேஸ்புக்குக்குள் போனார்கள். அந்த நாட்களில் தெல்தெனியவில் இருந்து ஒருவர் போட்ட பதிவு, இணைய முகவரியைப் பார்த்தால் வேறொரு நாட்டிலிருந்து வந்ததாகக் காட்டும். இந்த முடக்கத்தைப் பற்றி யாரும் குறித்து வைக்காவிட்டால், நாற்பது வருஷத்துக்குப் பிறகு வரும் ஆராய்ச்சியாளர், கலவரத்தைத் தூண்டியவரும் தணித்தவரும் எல்லோரும் வெளிநாட்டிலேயே இருந்தார்கள் என்று ஆய்வுக் கட்டுரை எழுதிப் பட்டமும் வாங்கிவிடுவார்!

இனி வாசிப்புப் பிரச்சினை. கோப்பு பத்திரமாக இருக்கும், ஆனால் திறக்காது. திறந்தாலும் புரியாது. வெளிநாட்டு நூல்கள் இதற்குப் பெரிய பெரிய கதைகள் சொல்லும். நமக்கு அவை எதற்கு, நம்மிடம் பாமினி இருக்கிறதே! இலங்கையில் தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் தமிழ் தட்டச்சு செய்தவர்களில் பெரும்பாலோர் பாமினி எழுத்துருவில்தான் செய்தார்கள். அது எப்படி வேலை செய்தது தெரியுமா? திரையில் ‘அ’ தெரியும், கணினிக்குள் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில ‘எம்’. எழுத்துரு என்ற மூடியை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு கோயில் பரிபாலன சபையின் கூட்டக் குறிப்புகள், ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழா மலர், ஒரு தொழிற்சங்கத்தின் துண்டுப் பிரசுரம் என்று எத்தனையோ புளொப்பியிலும் இறுவட்டிலும் இந்தக் கோலத்தில் கிடக்கின்றன. பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்தவை இன்னும் மோசம். அந்த மென்பொருள் கையில் இல்லாவிட்டால் கோப்பைத் திறப்பதே பெரும்பாடு. தமிழகத்தில் டிஸ்கி, டாப், டாம் என்று வேறு வேறு குறியீடுகள். யுனிகோட்டில் தமிழ் 1991இலேயே இடம் பெற்றுவிட்டது. நம் கைக்கு வந்து சேரப் பல வருஷம் பிடித்தது.

பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு, உண்மை. ஆனால் முன்னால் கிடப்பது பாமினிதான் என்று தெரிய வேண்டும். அதைத் தட்டச்சு செய்தவர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போது ஒரு வரி எழுதி வைத்தால் ஒரு நிமிட வேலை. அவர் போன பிறகு அது ஒரு ஆராய்ச்சி. மாற்றிய பிறகும் பழைய கோப்பை அழிக்கக் கூடாது. மாற்றத்தில் ஒரு கொம்போ ஒரு குற்றோ தவறியிருந்தால் திரும்பிப் பார்க்க மூலம் வேண்டும். ஆவணகங்கள் மூலத்தையும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நீண்ட நாள் தாங்கும் பொது வடிவத்தில் ஒரு பிரதியும் வைப்பது இதனால்தான். எழுத்தாவணத்துக்கு பிடிஎப்–ஏ, ஒலிக்கு வேவ், படத்துக்கு டிப். பிறகு இவை முழுவதையும் குறைந்தது மூன்று பிரதி, இரு வேறு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில்.

இந்த ஒழுங்குமுறைக்கெல்லாம் அடிப்படையான வரைவை நூலகத்துக்காரர்கள் ஆக்கவில்லை, விண்வெளி ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து ஆக்கின என்பது பலருக்குத் தெரியாது. செய்மதி அனுப்பிய தரவு தொலைந்தால் மறுபடி போய் எடுத்துவர முடியாது என்ற கவலையில் பிறந்தது அது. பின்னர் ஐஎஸ்ஓ 14721 என்று உலகத் தரமானது. 2018 மார்ச்சின் அந்த நாட்களுக்கு நாமும் மறுபடி போய் எதையும் எடுத்துவர முடியாது.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கு 2023ஐ நினைவூட்டுகிறேன். அந்த ஆகஸ்ட் 26 இலங்கை அரசாங்க மேகக்கணியை ரான்சம்வெயார் தாக்கியது. மே 17 முதல் அன்று வரையான மின்னஞ்சல்கள் போயின. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் அதற்குள். பிரதிகள் இருந்தன, ஆனால் இணைப்பிலேயே இருந்ததால் அவையும் சேர்ந்து பூட்டப்பட்டன. கழற்றித் தனியே வைத்த பிரதி அந்தக் காலப்பகுதிக்கு இல்லை. நாடு பொருளாதார நெருக்கடியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த மூன்று மாதத்தின் கடிதப் போக்குவரத்து அது. நம்மை மட்டும் குறைசொல்லவும் முடியாது. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் தென்கொரியாவில் 2025 செப்டம்பரில் டேஜோன் அரச தரவு மையம் எரிந்தபோது அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் போயின. அளவு பெரிது என்பதால் வேறிடத்தில் பிரதி வைக்கவில்லையாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிக்கூடச் சட்டம் இருக்கிறது. கண்டியிலும் சுவடிக்கூடத்தின் கிளை இருக்கிறது. அது காகிதக் காலத்துச் சட்டம். அலுவலகம் பாவித்து முடித்து, கட்டி வைத்து, பல வருஷம் கழித்துச் சுவடிக்கூடத்துக்கு வரட்டும் என்ற காத்திருப்பு அதன் அடியில் இருக்கிறது. டிஜிட்டல் கோப்பு அவ்வளவு நாள் காத்திருக்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு படி முன்னே போகிறது. மின்னஞ்சலையும் கணினிப் பதிவையும் தகவல் என்றே அது ஏற்கிறது. புதிய பதிவுகளைக் குறைந்தது 12 வருஷம் வைத்திருக்கவேண்டும் என்கிறது. நல்ல சட்டம், நான் பாராட்டுகிறேன். ஆனால் முதலில் சொன்ன எண்ணை நினைத்துப் பாருங்கள். மலையக மக்களிடம் நாடு கேட்டது 39 வருஷத்துக்கு முந்திய சான்றை. மெததும்பர பிரதேச செயலகத்தில் இன்று கணினியில் பதியும் ஒரு குடும்பத்தின் விவரத்தை 12 வருஷத்துக்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள் என்று யார் உறுதி தருவார்?

இதனால்தான் அரசுக்கு வெளியே நடந்த முயற்சிகளை நான் பெரிதாக மதிக்கிறேன். 2005இல் சில இளைஞர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலையக ஆவணங்களையும் உலகில் எங்கிருந்தும் படிக்க வைத்திருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த வடுவிலிருந்து வந்த வேகம் அது. ஆனால் ஸ்கான் செய்த நூலுக்குப் பின்னால் ஒரு நூல் எங்காவது இருக்கும். ஸ்கான் கெட்டுப்போனால் மறுபடி எடுக்கலாம். பிறவியிலேயே டிஜிட்டலானதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அந்த வேலையில் நாம் இன்னும் தொடக்கத்திலேயே நிற்கிறோம். சமாதானப் பேச்சுக் காலத்தில் இயங்கிய இணையத்தளங்கள் போர் முடிந்த கையோடு ஒவ்வொன்றாக அணைந்தன. ஊடக ஆய்வாளர் சஞ்சன ஹத்தொட்டுவ போன்றோர் தனி முயற்சியாகப் பிரதியெடுத்தவை தப்பின. ஒரு நாட்டின் அண்மைக்கால வரலாறு சிலருடைய ஹார்ட் டிஸ்க்கில் தங்கியிருப்பது பெருமைப்படும் நிலைமை அல்ல.

ஆகவே இங்கே, இந்த ஊரில், பள்ளிவாசல் நிர்வாகமும் விகாரையும் கோயிலும் தேவாலயமும் பாடசாலைகளும் சேர்ந்து ஒரு சிறு சேகரிப்பைத் தொடங்கலாம் என்பது என் யோசனை. பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு கணினி, இரண்டு மூன்று வெளிவட்டுகள், பயிற்சி பெற்ற நாலைந்து இளைஞர்கள் போதும். மூன்று மொழியும் தெரிந்தவர்களாக இருப்பது அவசியம். பேஸ்புக்கின் 2018 தோல்விக்கு ஒரு காரணமே சிங்களம் தெரிந்த பரிசீலகர்கள் போதாமைதான். கலவரத்தோடு மட்டும் நிற்கவும் வேண்டாம். மரணச் சகாயச் சங்கத்தின் வட்ஸ்அப் குழு, பாடசாலையின் கொவிட் காலத்து சூம் வகுப்புகள், கடைக்காரரின் எக்செல் கணக்கு, பழைய ஊர்ச் சுவர் நீருக்கு மேலே வந்தபோது நீங்கள் எடுத்த படங்கள் எல்லாமே ஊரின் ஆவணங்கள்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். சேகரிப்பது வேறு, காட்டுவது வேறு. 2018இன் வீடியோக்களில் முகங்கள் இருக்கின்றன. அடிபட்டவர், அடித்தவர், பயந்து நின்ற பிள்ளை எல்லோரும் இதே பஸ்ஸில்தான் நாளைக்கும் போகவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது வெறும் கம்பனிகளுக்காக அல்ல. கொடுப்பவர் நிபந்தனை சொல்லலாம். பத்து வருஷம் மூடி வைக்கலாம், தன் ஆயுள் முடியும் வரை மூடி வைக்கலாம், முகத்தை மறைத்த பிரதியை மட்டும் காட்டச் சொல்லலாம். அந்த நிபந்தனையை எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திட்டு, கோப்போடு சேர்த்து வைக்கவேண்டும். யார் திறக்கலாம் என்ற முடிவை ஒரு சமூகத்தவர் மட்டும் எடுக்கும் சபையிடம் விடக் கூடாது. இது தகராறான வேலையாக இருக்கும், கூட்டங்கள் நீளும், சிலர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார்கள். அப்படிப் போனவர்களின் ஆட்சேபணையையும் குறிப்பில் எழுதுங்கள்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். பழைய போன், மெமரி காட், புளொப்பி எது வைத்திருந்தாலும் அங்கே காட்டுங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை, சார்ஜ் போட்டு எழுப்பிப் பார்க்க மட்டும் வேண்டாம். இப்போது கேள்விகளுக்கு வருவோம். பாமினிக் கோப்பு வைத்திருப்பவர்கள் முதலில் கேளுங்கள்.